எங்கள் குடிசைகள் தானாகவே பற்றிக்கொள்ளும்

எங்கள் கால்வாய்க்கரையில் எதையும் யாரும் கொளுத்தியதே கிடையாது. எல்லாம் தானாகவே பற்றிக்கொள்ளும். கேஸ் லீக்கில் பற்றிக்கொள்ளும், கரண்ட்டில் பற்றிக்கொள்ளும், கொசுவத்தியில் பற்றிக்கொள்ளும், ஒரு தடவை சாம்பிராணியில்கூடப் பற்றிக்கொண்டது. போலீஸ் வந்து கேட்டாலும் சரி, தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வந்து கேட்டாலும் சரி, டிவிக்காரன் மைக்கை மூக்குக்கு நேரே நீட்டினாலும் சரி, மந்தைவெளிப் பக்கம் பறக்கும் ரயில் தூண்களுக்கு அடியில் குடியிருந்த நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் அதைத்தான் சொல்வோம். ஒரே ஒருத்தி மட்டும் சொல்ல மாட்டாள்.

"பத்திக்கல. பத்த வெச்சாங்க" என்பாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் கிடையாது, கூச்சல் கிடையாது. நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு கதையைக் கட்டி முடித்து, அதற்குக் கண்ணீரும் வைத்து, கேட்கிறவன் தலையாட்டுகிற நேரத்தில் பின்னாலிருந்து இந்தக் குரல் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் இவளுக்கு என்ன குறைந்துவிடும் என்று தோன்றும்.

அவள் இஸ்திரி போடுகிறவள். கால்வாய்க்கு அந்தப் பக்கம், அபார்ட்மென்ட்டுகள் இருக்கிற தெருவில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் அவளுடைய தள்ளுவண்டி நிற்கும். கறுத்து, நெட்டையாக, கை மட்டும் ஆம்பிளைக் கை மாதிரி இருக்கும். புருஷன் எங்கேயோ போனவன் போனவன்தான். பிள்ளை குட்டி இல்லை. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் வேறு. "தோ வருது பாரு, பயர் சர்வீஸு." அது அவள் காதில் விழும். திரும்பிப் பார்க்க மாட்டாள்.

பெயர் வைத்ததில் தப்பும் இல்லை. வேலை முடிந்தால் மற்ற இஸ்திரிக்காரர்கள் பெட்டியிலிருக்கும் கரியை ஓரமாகக் கொட்டிவிட்டுப் போவார்கள். இவள் அதை ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுவாள். பிறகு கையை உள்ளே விட்டு அடிவரைக்கும் துழாவுவாள். சூடு எங்கேயும் இல்லை என்று கைக்குத் தெரிந்தால்தான் டப்பாவைத் தூக்குவாள். பாத்திரம் தேய்க்கச் சாம்பல் வேண்டுமென்று நாங்கள் கேட்டால், ஈரச் சேறாகத்தான் கிடைக்கும். என் அம்மா அதை வாங்கிக்கொண்டே, "இத்தக் கொண்டுபோய் இன்னா, சுவத்துக்குப் பூசவா?" என்று கிண்டல் செய்வாள்.

வீட்டுச் சுவரோடு சேர்த்து பைக்கை நிறுத்தினால் அவளுக்கு ஆகாது. கூரை ஓரத்தில் பழைய துணி மூட்டையோ, அட்டைப் பெட்டியோ, தெர்மகோலோ கிடந்தால் ஆகாது. உடையவனைக் கேட்காமல் இழுத்துக் கொண்டுபோய்க் கால்வாய் ஓரம் போட்டுவிடுவாள். இதனால் வாராவாரம் சண்டை. ஆள் உள்ளே இருக்கும்போது வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். நாய் நுழையாமலிருக்க, குழந்தை தண்டவாளத் தூண் பக்கம் ஓடாமலிருக்க, குடித்துவிட்டுக் கிடக்கிறவன் வெளியே போய் விழாமலிருக்க. அவள் கண்ணில் பட்டால் போகிற போக்கில் அந்தத் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுப் போவாள். நாய் நுழைந்து சோற்றைக் கவிழ்த்த வீட்டுக்காரி அவளைத் திட்டிய திட்டு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, எழுதத்தான் முடியாது.

இன்னொன்று, 'கொளுத்திடுவேன்' என்ற சொல். எங்களுக்கு அது கோபத்தில் வருகிற வார்த்தையே அல்ல. பரீட்சையில் மார்க் குறைந்தால் கொளுத்திடுவேன், தண்ணிக் குடத்தைத் தொட்டால் கொளுத்திடுவேன், அவன்கூடப் பேசினால் கொளுத்திடுவேன். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொல்வோம். அவள் காதில் விழுந்தால் நின்றுவிடுவாள். "வேற எதுனா சொல்லித் திட்டு. கைய ஒடச்சிடுவேன்னு சொல்லு. கால ஒடச்சிடுவேன்னு சொல்லு. அது மட்டும் வேணாம்." அன்பாகக் கையைக் காலை உடைக்கச் சொல்லிக் கொடுத்த ஒரே பெண்பிள்ளை அவள்தான் என்று நாங்கள் சிரிப்போம்.

சிரித்தோமே தவிர, அவள் யாரை நினைத்து அப்படிச் சொல்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை.

எங்கள் கரையில் போஸ்டர் ஒட்டுகிறவன் ஒருவன் இருந்தான். முப்பது வயது இருக்கும். பார்த்தால் தங்கமான பையன். சாவு விழுந்தால் முதல் ஆளாக வந்து பந்தல் கட்டுவான், கோயில் கூழுக்கு விறகு சுமப்பான், வயதானவர்களை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றிவிடுவான். ஆனால் அவனுக்கு 'இல்லை' என்று சொன்னால் தாங்காது. பால் போடுகிற ஒருவன் தன் செல்போனைத் திருப்பிக் கேட்டான். இரண்டு நாள் கழித்து அவன் பைக் எரிந்தது. நாங்கள் பார்த்தோம். பார்த்தோம் என்றால், கண்ணால் பார்த்தவர்கள் நாலைந்து பேர், மற்றவர்களுக்கு அவர்கள் வாயால் தெரியும். போலீஸ் வந்தபோது, வண்டிக்குச் சொந்தக்காரனே, "நான்தான் சார், சிகரெட்ட அப்படியே போட்டுட்டேன்" என்று சொன்னான். அவனுக்குச் சிகரெட் பழக்கமே கிடையாது.

அடுத்தது ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண்ணை அவனுக்குக் கேட்டதற்கு, அவர்கள் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணத்துக்குப் போய்த் திரும்பி வந்தால் வீடு இல்லை. நல்ல வேளை, உள்ளே யாரும் இல்லை. அந்தத் தடவை ஸ்டவ்வை அணைக்காமல் போய்விட்டதாக எழுதிக் கொடுத்தார்கள்.

ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு நாங்கள் வைத்திருந்த பதில் ஒன்றுதான். விபத்து என்றால் அரிசி வரும், வேட்டி சேலை வரும், கூரை போட ஏதாவது வரும், பேர் எழுதிக்கொண்டு போனால் பிற்பாடு ஹவுசிங் போர்டு வீடும் வரும். கொளுத்தினான் என்றால் போலீஸ் கேஸ் ஆகிவிடும். கேஸ் முடிகிறவரை ஒன்றும் வராது. இதை எங்களுக்கு யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. ரேஷன் கடை எப்போது திறக்கும் என்று தெரிகிற மாதிரி இதுவும் தெரியும். இத்தனைக்கும் பல வருஷம் கழித்து, நான் வேலை பார்க்கிற தி. நகர் புடவைக் கடைக்கு வருகிற ஒரு வக்கீல் அம்மாவிடம் கேட்டேன். அப்படி ஒரு விதி இருப்பதாகத் தனக்குத் தெரியவே தெரியாது என்றார். வீடு எரிந்தால் எரிந்ததுதானே, யார் கொளுத்தினால் உங்களுக்கு என்ன என்று கேட்டார். கையில் இருந்த புடவையை மடித்துக்கொண்டே நின்றேன். இந்தக் கேள்வியை ஏன் நாங்கள் யாரும் ஒருநாளும் கேட்கவில்லை?

பெண் கொடுக்காத அந்த வீடு எரிந்ததற்கு மறுநாள் அக்கா தனியாக ஸ்டேஷனுக்குப் போனாள். பார்த்ததைச் சொன்னாள். அங்கே இருந்தவர் கெட்ட மனுஷர் இல்லை, உட்காரச் சொல்லித்தான் கேட்டாராம். வீட்டுக்காரரே ஸ்டவ் என்கிறாரே அம்மா, உன்கூட வேறு யாராவது பார்த்தார்களா, இட்டுக்கொண்டு வா, எழுதிக்கொள்கிறேன் என்றாராம். அவள் திரும்பி வந்து வீடு வீடாகக் கேட்டாள். ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, ஒருத்தி அன்றைக்கு ஊரிலேயே இல்லை. சாயந்திரம் வரை கேட்டுவிட்டு, போய்த் தன் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. என் அம்மாதான் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

அந்த வாரமே போஸ்டர்காரன் அவளுடைய வண்டிக்கு ஒரு சட்டையைக் கொண்டுவந்தான். நான் அப்போது அந்த மரத்தடியில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, நல்லா மடிப்பு வெச்சுக் குடு. ஸ்டேஷனுக்கெல்லாம் போய்க்கினு கீற. டயர்டா இருப்ப. மெதுவா குடு" என்றான். சிரித்த முகமாகத்தான் சொன்னான்.

அவள் சட்டையை வாங்கி விரித்தாள். காலர், கை, முதுகு என்று ஒழுங்காகப் போட்டாள். மடித்து நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு, வண்டியின் கட்டையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் பெட்டியிலிருந்த கரியை டப்பாவில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். எதிரே அபார்ட்மென்ட்டிலிருந்து ஒரு மாமி மாடியில் நின்றபடி, நாலு நாளா துணியெல்லாம் ஒரே பொகை நாத்தமா இருக்கு, அங்கே எப்பப் பாத்தாலும் ஏதாவது பத்திண்டேதானே இருக்கு என்று அலுத்துக்கொண்டார். அக்கா அந்த மாமியையும் விடவில்லை. நிமிர்ந்து பார்த்து, "பத்திக்கல மாமி. பத்த வெச்சாங்க" என்றாள். மாமி உள்ளே போய்விட்டார்.

பிறகு ஒருநாள் தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். விழிப்புணர்வுக் கூட்டம். கோயில் முன்னால் ஒரு சிலிண்டரை வைத்து, நெருப்பு வைத்து, ஈரச் சாக்கை எப்படி மூடி அணைப்பது என்று காட்டினார்கள். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். யாராவது முன்வந்து செய்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். யார் போனது என்று நினைக்கிறீர்கள்? போஸ்டர்காரன்தான். சாக்கை நனைத்து, ஒரே போடாகப் போட்டு அணைத்தான். எல்லோரும் கை தட்டினோம். போட்டோ எடுத்தார்கள். அவன் எங்களைப் பார்த்துக் கும்பிட்டான்.

கூட்டம் கலைகிற நேரத்தில் அக்கா எழுந்தாள். "சார், பெட்ரோல் ஊத்திக் கொளுத்துனா இன்னா பண்றது?"

பேசிக்கொண்டிருந்தவர் சின்ன வயசுக்காரர். கேள்வியைத் தட்டிவிடவில்லை. கொளுத்திய பிறகு நாங்கள் வருவோம் அம்மா, ஆனால் அதற்கு முன்னால் நீங்கள்தான் இருக்கிறீர்கள் என்றார். எவனாவது கொளுத்திவிடுவேன் என்று மிரட்டினால் அதுவே குற்றம், அன்றைக்கே போய்ச் சொல்ல வேண்டும், நாலு பேராகப் போய்ச் சொல்ல வேண்டும், ஒருதடவை கொளுத்தி யாரும் கேட்கவில்லையென்றால் அவன் அதோடு நிறுத்த மாட்டான் என்றார். நிதானமாக, நல்லபடியாகத்தான் சொன்னார். நாங்கள் அவர் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தோம். தலைக்கு மேலே ரயில் போனது, அதையும் அண்ணாந்து பார்த்தோம்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. சாயந்திரமானால் வீடு வீடாகப் போய் உட்கார்ந்துகொள்வாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இனி ஏதாவது நடந்தால், கேட்கிறவர்களிடம் பார்த்ததைச் சொல்லுங்கள், எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள், எல்லோரும் சொன்னால் அவன் யாரைக் கொளுத்துவான்? கேட்கக் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கடைசியில் பெண்கள் சரி என்றார்கள். அம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வதாக ஏற்பாடு. அவளுக்கு அதுவும் பிடிக்கவில்லை, சும்மா கையில் அடித்துச் சொன்னால் போதாதா என்றாள். சூடம் இல்லாமல் என்ன சத்தியம் என்று எல்லோரும் அவளை அதட்டினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, ஒவ்வொருத்தியாக எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்தோம். நானும் அணைத்தேன். அவள் ஒரு சொம்புத் தண்ணீரோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சத்தியத்தில் முதலில் சூடம் அணைத்தவளைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். இருபத்தைந்து வயதுக்காரி. புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் படுத்துவிட்டான். அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்கவைத்து, நாலு வீட்டில் பாத்திரமும் தேய்த்து அவள்தான் பிழைப்பை ஓட்டினாள். வாயும் கொஞ்சம் அதிகம், தைரியமும் அதிகம். அக்காவுக்கு அவள்மேல் தனி உரிமை. அவள் புருஷன் சட்டைகளுக்கு மட்டும் சும்மா இஸ்திரி போட்டுக் கொடுப்பாள். படுத்திருக்கிறவனுக்கு எதுக்கு மடிப்பு என்று கேட்டால், அவன் ஒன்றும் செத்துப் போகவில்லையே என்பாள்.

சித்திரை வெயில். பக்கத்தில் ஏதோ வேலை நடக்கிறதென்று எங்கள் கரைக்குக் கரண்ட்டை நிறுத்தி மூன்று நாளாயிற்று. மத்தியானம் தண்ணி லாரி வந்தது. வரிசையில் போஸ்டர்காரன் நடுவில் நுழைந்து குடத்தை வைத்தான். அந்தப் பெண் அவன் குடத்தைத் தூக்கி எறிந்தாள். பின்னால போய் நில்லு என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் குடத்தைப் பொறுக்கிக்கொண்டு போனான். அவள் இரண்டாவது நடை தண்ணிக்குப் போனபோது, வழக்கம்போல வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அவன் கையில் பாட்டிலோடு சந்துக்குள் போனதை வரிசையில் நின்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். யாருக்கும் குரல் வரவில்லை. புகையைப் பார்த்த பிறகுதான் வந்தது.

நான் கடையிலிருந்து ஓடி வந்தபோது இரண்டு வரிசை வீடுகள் போய்விட்டன. அவள் புருஷனும் போய்விட்டான். தாழ்ப்பாளை எடுக்கப் போய் அவளுடைய இரண்டு கையும் வெந்திருந்தன. எங்கள் வீட்டில் ஒரு பீரோ மட்டும் நின்றுகொண்டிருந்தது. என் அம்மா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எல்லோரையும் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். மறுநாள் காலையில் ஆபீஸர்கள் வந்து காரணம் எழுதிக்கொள்வார்கள் என்று சொன்னார்கள். எங்கள் பகுதிக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிற ஒருவர் இருந்தார். அவரைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம். காரணம் வேண்டுமே! கரண்ட் என்று சொல்ல முடியாது, கரண்ட்டே இல்லை. கேஸ் லீக் என்று சொல்ல முடியாது, சிலிண்டர்களையெல்லாம் தீயணைப்புக்காரர்கள் முழுசாக வெளியே எடுத்து வரிசையாக வைத்திருந்தார்கள். பட்டப்பகலில் கொசுவத்தி என்றால் எவன் நம்புவான்? மனுக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார்.

அவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போது அந்தக் கரி டப்பாவைக் கொண்டுவருவாள். அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர். கரி என்று சொன்னால் நிற்கும்.

ஊரிலேயே சூடில்லாத கரி அவளுடையது என்று அங்கே இருந்த கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அக்கா எழுந்து நின்றாள். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள், சத்தியம் செய்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னாள். யாரும் நிமிரவில்லை. போஸ்டர்காரனும் அங்கேதான் இருந்தான், அவன் வீடும் எரிந்திருந்தது. காற்று அவனுக்கு வேண்டியவர்கள் வேண்டாதவர்கள் என்று பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குத் தட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அப்போது அந்தப் பெண் வந்தாள். இரண்டு கையிலும் கட்டு. அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, கரின்னே சொல்லிடுக்கா."

"நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். அவரு இனிமே வரப்போறதில்ல. கேஸுன்னு போனா எனக்கு வூடும் வராது. இந்தக் கைய வெச்சுக்கினு நான் எங்க போய் பாத்திரம் தேய்ப்பேன்? அவன் வேற இங்கயே கீறான். நீ ஒண்டியாளு. உனுக்கு இன்னாக்கா போவப்போது?"

கடைசியாகச் சொன்னதுதான் அக்காவை அடித்துவிட்டது என்று நினைக்கிறேன். அதற்கு மேல் நிற்காமல் உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நேரம் அந்தக் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் ஆபீஸர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எப்படிப் பற்றிக்கொண்டது என்று கேட்டார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "என் கரிதான் சார். அணைக்காம கொட்டிட்டேன்." நாங்கள் எல்லோரும் மூச்சு விட்டோம். சத்தியமாகச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது.

கேஸ் வேண்டாம் என்றுதானே இவ்வளவும்? கேஸ் வந்தது. ஆள் செத்திருக்கிறதே, சும்மா விடுவார்களா? கவனக்குறைவு என்று அவள்மேல் போட்டார்கள். சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவாக நடந்தாள். கூட யாரும் போகவில்லை, போனால் நம்மையும் கேட்பார்கள் என்று பயம். மரத்தடி வண்டியும் போயிற்று. ஊரையே கொளுத்தியவளிடம் துணி கொடுக்க அபார்ட்மென்ட்டில் யாருக்கும் மனமில்லை. கேஸ் நடந்துகொண்டிருக்கும்போதே எங்களுக்கெல்லாம் பெரும்பாக்கத்தில் வீடு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேஸ் எதையும் தடுக்கவில்லை. அவளுக்கும் வந்தது, போஸ்டர்காரனுக்கும் வந்தது. அந்தப் பெண்ணுக்கும் அவளுக்கும் ஒரே மாடி, அவனுக்குக் கீழ்மாடி. எனக்குக் கல்யாணமாகி நான் ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் போய்விட்டேன்.

போன வருஷம் அந்தப் பெண் தன் புருஷனுக்குப் படையல் என்று கூப்பிட்டிருந்தாள். போனேன். மாடிப்படிக்கு அடியில், கரண்ட் மீட்டர் பெட்டிகளை ஒட்டி, பைக்குகளை நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். ஏறி இறங்க இருப்பது அந்த ஒரு படிதான். யாரும் எதையும் இழுத்துப் போடுவதாகத் தெரியவில்லை. ஹாலில் போஸ்டர்காரன் இலை போட்டுக்கொண்டிருந்தான். தலை நரைத்து, இன்னும் தங்கமான ஆளாக ஆகியிருந்தான். என்னைப் பார்த்து, நல்லாக்கீறியாம்மா என்று விசாரித்தான்.

எல்லோருக்கும் போட்ட பிறகு, அக்காவுக்கு ஒரு தட்டு கொண்டுபோகட்டுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"அவளுக்கா? அவ கரியிலதானே எம் வூட்டுக்காரரு போனாரு."

நான் குரலைத் தாழ்த்தி, நீதானே அன்றைக்கு அவளை அப்படிச் சொல்லச் சொன்னாய் என்றேன். அவள் நடிக்கிறாளா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிப்பெல்லாம் இல்லை. நிஜமாகவே புரியாமல் விழித்தாள். "நானா? நான் இன்னா சொல்லப்போறேன்? ஆசுபத்திரிலேந்து வந்து மயக்கத்துல கிடந்தேன்" என்றாள். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள், என்கூடவே சூடம் அணைத்தவர்கள், எப்படிப்பட்ட பாவி, டப்பாவை அப்படியே கவிழ்த்துவிட்டாளே என்று அவளோடு சேர்ந்து தலையாட்டினார்கள். அவர்களும் நடிக்கவில்லை. என்ன ஜனங்களோ என்று திட்டத்தான் வாய் வந்தது. அங்கிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் பாதியாகியிருந்தாள். பெருங்குடி பக்கம் ஏதோ ஆபீஸில் கூட்டித் துடைக்கிற வேலை என்றாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. போதும் அக்கா, இப்போதாவது வாயைத் திற, எல்லோரிடமும் சொல்லு, நான் கூட வருகிறேன், கோர்ட்டுக்கும் வருகிறேன் என்றேன். அவன் வரிசையில் நுழைந்தது, அவள் குடத்தை எறிந்தது, அவன் பாட்டிலோடு சந்துக்குள் போனது, கண்ணால் பார்த்தவர்கள் இன்னார் இன்னார் என்று நானே அவளுக்கு ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். யாருடைய கதையையோ கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் சரிதாம்மா" என்றாள் கடைசியில். "ஆனா எனுக்கே இப்பல்லாம் சந்தேகமா கீது. அன்னிக்கு அந்தக் கரிய நான் ஒயுங்கா அணைச்சேனா, இல்லையா? நீ பாத்தியா?"

நான் அன்றைக்குக் கடையில் இருந்தேன். பார்க்கவில்லை.